ஆயில் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

மோட்டார் சைக்கிளுக்குத் தாமே ஆயில் மாற்றக் கற்றுக்கொள்ளும் ஒருவர், பழைய ஆயிலை வடிப்பதையும் புதிய ஆயிலை அளந்து ஊற்றுவதையும் முதல் நாளிலேயே பிழையின்றிச் செய்துவிடுவார். அவர் தடுமாறும் இடம் ஒன்றுதான். இஞ்சினின் அடியில் ஆயில் வடியும் துளையை அடைக்கும் ட்ரெயின் போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது, எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்று அவருக்குத் தெரிவதில்லை. 100 சிசி வண்டியின் இஞ்சினில் இருக்கும் ஆயில் ஒரு லிட்டரை ஒட்டியதுதான். போல்ட் கழன்று விழுந்தால் அது முழுவதும் சாலையில் கொட்டி இஞ்சின் சீஸ் ஆகிவிடும். கொட்டும் ஆயில் பின் டயரில் பட்டால் வண்டி வழுக்கிவிடும். ஆகவே அந்த நேரத்தில் எழும் அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சத்தோடு கொடுக்கப்படும் "இன்னும் ஒரு முறுக்கு" தான் பெரும்பாலும் இஞ்சின் கேஸின் மரையை, அதாவது போல்ட் திருகி இறங்கும் சுழல் வரிகளை, கெடுக்கிறது.

ஆயில் கசியாமல் காப்பது போல்ட்டின் இறுக்கம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைக் காப்பது போல்ட்டின் தலைக்கும் இஞ்சின் கேஸுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வாஷர். செம்பாலோ அலுமினியத்தாலோ ஆன அந்த வாஷர், இரு பக்கங்களிலும் உள்ள உலோகத்தை விட மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. போல்ட்டை முறுக்கும்போது அது நசுங்கி, இரு பரப்புகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கீறல்களையும் மேடு பள்ளங்களையும் நிரப்பி, ஆயில் வெளியேற வழியில்லாமல் செய்கிறது. போல்ட்டின் வேலை அந்த வாஷரைப் போதுமான அளவு நசுக்கி, அதே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே. நசுங்க வேண்டிய அளவுக்கு வாஷர் நசுங்கிய பிறகு கொடுக்கும் விசை ஆயிலைக் கூடுதலாகத் தடுப்பதில்லை. அந்த விசை மரைக்குச் செல்கிறது.

மரைக்குச் செல்கிறது என்பதன் பொருளைப் புரிந்துகொள்ள, போல்ட்டை ஒரு விறைப்பான சுருள்வில் என்று கருத வேண்டும். தலை வாஷரில் உட்கார்ந்த பின்னும் நாம் முறுக்கினால், போல்ட்டின் உடல் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட சுருள்வில் சுருங்க முயல்வதைப் போல அதுவும் சுருங்க முயல்கிறது. அந்த முயற்சிதான் தலையையும் கேஸையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. வண்டியின் அதிர்வில் போல்ட் தானாகக் கழலாமல் இருப்பதற்கும் இந்தப் பிடிப்பே காரணம். கையால் மட்டும் திருகி விட்டுவிட்ட போல்ட்டில் இந்த நீட்சி இல்லை என்பதால் அது சில நாட்களில் தளர்ந்துவிடும். எனவே இறுக்கம் தேவைதான். ஆனால் அந்தத் தேவைக்கு ஒரு எல்லை உண்டு.

முறுக்கும் விசையை முறுக்குவிசை என்றும், பட்டறைகளில் டார்க் என்றும் சொல்கிறோம். ஸ்பேனரின் நீளத்தை அதன் முனையில் நாம் கொடுக்கும் விசையால் பெருக்கினால் கிடைப்பது அதுவே. அதன் அலகு நியூட்டன் மீட்டர். ஒரு கிலோ எடையை ஏறக்குறைய 9.8 நியூட்டன் என்று கொள்ளலாம். பல சிறிய மோட்டார் சைக்கிள்களில் ட்ரெயின் போல்ட்டின் மரை 12 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதற்குச் சர்வீஸ் கையேடுகள் சொல்லும் அளவு பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்வதே சரி. விளக்கத்துக்காக இங்கே 25 என்று எடுத்துக்கொள்வோம்.

25 நியூட்டன் மீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் 12 மில்லிமீட்டர் போல்ட்டில் அது உண்டாக்கும் பிடிப்பு, வழக்கமான கணக்குப்படி ஏறக்குறைய 10,000 நியூட்டன், அதாவது ஒரு டன் எடை கொடுக்கும் அழுத்தம். சாய்தளமான மரை நம் கைவலிமையை அந்த அளவுக்குப் பெருக்கித் தருகிறது. ஒரு சிறிய வாஷரை நசுக்குவதற்கு ஒரு டன் போதும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், ஸ்பேனரின் மேல் ஏறி நிற்கத் தோன்றாது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் காலை வைத்து முழு எடையையும் கொடுத்தால் அது கிட்டத்தட்ட 118 நியூட்டன் மீட்டர், தேவையைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஸ்பேனரில் 60 சென்டிமீட்டர் இரும்புக் குழாயை மாட்டி 30 கிலோ விசையில் இழுத்தால் 176 நியூட்டன் மீட்டர், அதாவது ஏழு மடங்கு. இழுப்பவருக்கு இது பெரிய சிரமமாகவே தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. மீதியில் பாதிக்கு மேற்பட்டது தலைக்கு அடியில் உள்ள உராய்விலும், எஞ்சியது மரையின் உராய்விலும் கரைந்துபோகிறது. ஆகவே உராய்வில் ஏற்படும் சிறு மாற்றம்கூடப் பிடிப்பைப் பெரிதும் மாற்றிவிடும். மணல் ஒட்டிய மரையில் கைக்குக் கனமான எதிர்ப்புத் தெரியும், ஆனால் வாஷர் சரியாக நசுங்கியிருக்காது. கிரீஸ் பூசிய மரையில் அதே முறுக்குக்குப் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குகூடக் கூடிவிடலாம். போல்ட்டையும் துளையின் வாயையும் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, கையேடு சொல்லாத எதையும் பூசாமல் மாட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இனி, எது முதலில் உடையும் என்பதைப் பார்க்க வேண்டும். போல்ட் எஃகினால் ஆனது. அது இறங்கும் இஞ்சின் கேஸ் அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டது. எஃகின் விறைப்பு அலுமினியத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வலிமையிலும் அதுவே மேல். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்போது விட்டுக்கொடுப்பது அலுமினியம்தான். போல்ட்டின் மரை முழுவதும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதும் இல்லை. தலைக்கு அருகில் உள்ள முதல் சில சுற்றுகளே பெரும்பகுதியைத் தாங்குகின்றன. அளவுக்கு மீறி இறுக்கும்போது அந்தச் சுற்றுகளில் உள்ள அலுமினியம் நிரந்தரமாக வளைந்து, பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடுகிறது. அன்றைக்கு எதுவும் தெரியாது. வண்டி ஓடும், ஆயில் கசியாது, இறுக்கியவர் நன்றாக இறுக்கியதாகவே நினைத்துக்கொள்வார். அடுத்த முறை அதே அளவு இறுக்கினால் இன்னும் கொஞ்சம் வளையும். இப்படி மூன்று நான்கு முறை சேர்ந்த பிறகு, ஒரு நாள் சரியான அளவில் இறுக்கும் ஒருவரின் கையில் மரை முழுவதுமாக உரிந்து வந்துவிடும். தவறு செய்தவர் ஒருவர், அதைச் சந்திப்பவர் வேறொருவர்.

நான் அப்படிச் சந்தித்தவன். வேறொருவர் ஓட்டிய 100 சிசி வண்டி ஒன்றை வாங்கி, முதன்முறையாக அதன் ஆயிலை வடிக்க முயன்றபோது போல்ட் அசைய மறுத்தது. ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கித் தலையின் மூலைகளை உருட்டியது. ஒருவழியாகக் கழன்று வந்த போல்ட்டின் மரையில், மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி வைத்ததைப் போல அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அது இஞ்சின் கேஸின் மரை. எண்பது ரூபாய் போல்ட்டையும் பத்து ரூபாய் வாஷரையும் மாற்றினால் தீர வேண்டிய வேலை, லேத் பட்டறையில் ஒரு நாளை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்துதான் இந்தச் சின்ன போல்ட்டைப் பற்றி நான் அக்கறையோடு படிக்கவும் கேட்கவும் தொடங்கினேன்.

கற்றுக்கொள்பவர் அறிய வேண்டிய முதல் செய்தி, இறுக்குவதைப் பற்றியதன்று, கழற்றுவதைப் பற்றியது. அளவுக்கு மீறி இறுகிய போல்ட்டுகளில் பல, கழற்ற முயன்றபோது இறுகியவை. ட்ரெயின் போல்ட் பெரும்பாலும் தலைகீழாக, தலை தரையைப் பார்த்தபடி இருக்கும். நாம் வண்டியின் பக்கத்தில் குந்தி, மேலிருந்து கையை விட்டு ஸ்பேனரைத் திருப்புகிறோம். வழக்கமான வலஞ்சுழி மரையை, தலையை நேராகப் பார்த்தபடி கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும். எதிர்த் திசையில் திருப்பினால் கழலும். ஆனால் மேலிருந்து பார்ப்பவருக்கு இந்தத் திசை தலைகீழாகத் தெரியும். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு, அது வரவில்லையே என்று விசையைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. ஸ்பேனரை மாட்டும் முன், வண்டிக்கு அடியில் படுத்துத் தலையைப் பார்ப்பதாக மனத்தில் நினைத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விரலால் ஒரு முறை காற்றில் வரைந்து பாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

கழற்றுவதற்குத் தலையின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனரோ ஆறு மூலை கொண்ட சாக்கெட்டோ வேண்டும். 12 மில்லிமீட்டர் மரைக்குத் தலை பல வண்டிகளில் 17 மில்லிமீட்டராக இருக்கும், ஆனால் எல்லா வண்டிகளிலும் அல்ல. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரையும் கட்டிங் பிளேயரையும் இந்த இடத்தில் தொடக் கூடாது. இஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி ஆயிலைச் சற்று இளக வைத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திவிட்டு, கை சுடாத பதத்தில் கழற்ற வேண்டும். இறுகிக் கிடக்கும் போல்ட்டை நீண்ட நேரம் வலுவாக இழுத்தால் வண்டியே ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடக்கூடும். ஸ்பேனரின் முனையில் உள்ளங்கையாலோ ரப்பர் சுத்தியலாலோ ஒரு சிறு தட்டுத் தட்டினால் அது பெரும்பாலும் "டக்" என்ற ஓசையோடு விட்டுவிடும்.

கழன்ற போல்ட்டை உடனே பாருங்கள். மரையில் அலுமினியத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, தலையின் மூலைகள் உருண்டிருக்கின்றனவா, பழைய வாஷர் போல்ட்டோடு வந்ததா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியமானது. பழைய வாஷர் சில நேரம் கேஸின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய வாஷரை வைத்துப் பூட்டினால் இரண்டு வாஷர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்து ஆயில் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவோம். வாஷர் செய்த பிழைக்கு மரை விலை கொடுக்கும்.

ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் புதிய வாஷரைப் போடச் சொல்வதற்கும் இதே காரணம்தான். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிக் கடினமாகிவிடுகிறது. கடினமான வாஷர் அடுத்த முறை எளிதில் நசுங்காது. ஆகவே கசிவை நிறுத்த முன்னைவிட அதிகமாக முறுக்க வேண்டியிருக்கும். செம்பு வாஷரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் அது மீண்டும் இளகும் என்பது உண்மையே. பழைய மெக்கானிக்குகள் பலர் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு நான் பரிந்துரைப்பது, வண்டிக்குரிய வாஷர்களை நாலைந்தாக வாங்கி ஆயில் டப்பாவோடு வைத்துக்கொள்வதைத்தான்.

பூட்டும்போது முதல் நாலைந்து சுற்றுகளை விரலால் மட்டுமே திருக வேண்டும். ஸ்பேனரைத் தொடக் கூடாது. போல்ட்டைத் துளையில் வைத்து முதலில் கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றினால், மரையின் தொடக்கம் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் போல்ட் மெல்ல உள்ளே இறங்குவது விரலுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து இறுக்கும் திசையில் திருப்பினால் மரை கோணலாகப் பிடிக்காது. விரலுக்கு வராமல் பாதியில் நின்றால், அழுத்தாமல் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். வேறு கடையில் வாங்கிய போல்ட் என்றால் மரையின் இடைவெளியையும் ஒத்துப் பார்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் இறங்குவதும் உண்டு, 1.5 மில்லிமீட்டர் இறங்குவதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

தலை வாஷரைத் தொட்ட பிறகுதான் அளவு பார்க்கும் வேலை. டார்க் ரெஞ்ச் இருந்தால் அது எளிது, ஆனால் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு டார்க் ரெஞ்ச் இந்த வேலைக்குப் போதாது. கார் சக்கரங்களுக்கான, 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் கருவியில் 25 என்ற எண்ணே இருக்காது. 10 முதல் 60 வரை காட்டும் சிறிய கருவி பொருத்தமானது. அதிலும் அளவு கருவியின் எல்லைகளுக்கு மிக அருகில் இல்லாமல் நடுப்பகுதியில் விழுந்தால் நல்லது. கைப்பிடியில் குறிக்கப்பட்ட இடத்தில் பிடித்து, வெட்டி இழுக்காமல் நிதானமாக இழுத்து, முதல் "கிளிக்" கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதி செய்துகொள்வதற்காக இரண்டாவது, மூன்றாவது கிளிக்குக்குப் போனால் அளவு கூடிவிடும். அலகிலும் கவனம் தேவை. 25 நியூட்டன் மீட்டரும் 18 பவுண்டு அடியும் ஏறக்குறைய ஒன்று. பவுண்டு அடிக் கோட்டில் 25 என்று வைத்துவிட்டால் நீங்கள் கொடுப்பது 34 நியூட்டன் மீட்டர். வேலை முடிந்ததும் கருவியின் அளவை அதன் குறைந்தபட்சக் குறிக்கு இறக்கி வைத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் கெடாது.

டார்க் ரெஞ்ச் வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு நேர்மையான வழி உண்டு. பயணப் பெட்டியை எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று போதும். போல்ட்டின் மையத்திலிருந்து ஸ்பேனரில் 20 சென்டிமீட்டர் அளந்து ஒரு குறி போட்டு, அந்த இடத்தில் தராசின் கொக்கியைக் கயிற்றால் கட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக மெதுவாக இழுங்கள். தராசு 12.7 கிலோவைக் காட்டும்போது போல்ட்டில் விழுவது 25 நியூட்டன் மீட்டர். 25 சென்டிமீட்டர் தூரத்தில் கட்டினால் 10.2 கிலோ போதும். இழுக்கும் திசை சாய்ந்துவிட்டால் போல்ட்டில் விழும் அளவு தராசு காட்டுவதைவிடக் குறையும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து பார்த்தவரின் கைக்கு அந்தக் கனம் பழகிவிடும். பெரும்பாலோர் முதல் முறை சொல்வது "இவ்வளவு லேசாகவா?" என்பதுதான்.

இணையத்தில் கிடைக்கும் பொதுவான போல்ட் அட்டவணைகளை இந்த இடத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எஃகு போல்ட் எஃகு நட்டில் இறங்குவதற்கான அட்டவணையில் 12 மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் மீட்டரை ஒட்டிய எண்கள்கூட இருக்கும். அவை போல்ட்டின் தாங்குதிறனைச் சொல்பவை. அலுமினிய மரையைப் பற்றியும் வாஷரைப் பற்றியும் அவற்றுக்கு எந்தக் கவலையும் இல்லை. அதேபோல, ஆயில் ஃபில்டரின் மூடியைப் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு ட்ரெயின் போல்ட்டின் அளவைக் கொடுத்தால் அவை முறிந்தே போகும். அவற்றுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் வழக்கம்.

இறுக்கிக்கொண்டிருக்கும்போது கை அறியும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆரோக்கியமான மரையில் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். ஏறி வந்த எதிர்ப்பு திடீரென்று நின்று, போல்ட் வெண்ணெயில் சுற்றுவதைப் போல இளகித் திரும்பினால், மரை விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் பழுது சிறியதாகவே நிற்கும்.

மரை போய்விட்டால் டெஃப்ளான் டேப் சுற்றுவதும், எம்-சீல் போன்ற பசையைப் பூசி அடைப்பதும் தீர்வல்ல. டேப்பின் துணுக்குகள் ஆயில் போகும் சிறு துளைகளை அடைக்கும். பசை அடுத்த ஆயில் மாற்றம் வரைகூடத் தாங்கும் என்று நம்ப முடியாது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, ஹெலிகாயில் என்னும் எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே செலுத்துவது நல்ல வழி. அதன் பிறகு அதே அளவுள்ள பழைய போல்ட்டையே போடலாம். சில நேரம் எஃகுப் புஷ், அதாவது உள்ளே மரையுள்ள எஃகு வளையம், வைத்தும் தருவார்கள். பெரிய அளவு போல்ட்டுக்கு மரை வெட்டுவது மலிவானது, ஆனால் அடுத்த முறைக்குக் கேஸில் இடம் மிஞ்சாது. எந்த வழியானாலும், மரை வெட்டும் கருவியில் கிரீஸ் பூசிக்கொண்டு வெட்டினால் அலுமினியத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் ஆயிலை ஊற்றி வடித்து உள்ளே விழுந்த தூளையும் வெளியேற்ற வேண்டும். இந்த இரண்டையும் செய்யச் சொல்லிப் பட்டறையில் தயங்காமல் கேளுங்கள்.

வண்டியை மெக்கானிக் கடையில் கொடுத்து ஆயில் மாற்றிக்கொள்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் ஆயில் கசிகிறது என்று திரும்பி வருவாரோ என்ற கவலையில்தான் பல கடைகளில் போல்ட்டைக் கூடுதலாக இறுக்குகிறார்கள். அந்தக் கவலையைப் புரிந்துகொள்ள முடிகிறது. "அண்ணே, புது வாஷர் போடுங்க, குழாய் மாட்டி இழுக்க வேண்டாம், கசிஞ்சா நானே கொண்டு வந்து காட்டுறேன்" என்று முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிட்டால், பெரும்பாலோர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பூட்டி முடித்ததும் போல்ட்டைச் சுற்றியுள்ள இடத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, புதிய ஆயிலை ஊற்றி, இஞ்சினைச் சில நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். மடிப்புகளில் தேங்கிய பழைய ஆயில் ஒரு நாள் வரை சொட்டக்கூடும். அதைக் கசிவென்று நினைத்து ஸ்பேனரை எடுத்துவிடக் கூடாது. மறுநாள் துடைத்த இடத்தில் மீண்டும் ஈரம் தெரிந்தால், போல்ட்டை மேலும் முறுக்காமல் கழற்றி, வாஷரையும் அது உட்காரும் பரப்பையும் பார்க்க வேண்டும். மணல், பழைய வாஷர், கீறல் ஆகியவற்றில் ஒன்று அங்கே இருக்கும். ஈரம் இல்லையென்றால், அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ஒரு கையால் ஸ்பேனரை இழுத்ததுமே போல்ட் விட்டுவிடும். அதன் மரையும் துடைத்துப் பார்த்தால் சுத்தமான எஃகாகவே இருக்கும்.